பழைய மெத்தை நாற்காலியின் வயது: உங்கள் அனுபவங்கள்

சிம்மக்கல் உறுப்பினர்:
எங்கள் பெரியப்பா வீட்டு நாற்காலி 19-ஆம் நூற்றாண்டின் விக்டோரியா மகாராணி காலத்தது என்றே உறவினர் அனைவரும் சொல்லிவந்தார்கள். முட்டை வடிவ முதுகையும் வளைந்த முன்கால்களையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அண்மையில் ஆசாரி ரெக்சினை உரித்துச் சட்டத்தைக் கவிழ்த்தபோது, அடிவிளிம்பு நெடுகிலும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு வரிசை ஆணித்துளைகள்தாம், அவையும் விளிம்பு மழுங்காதவை. நூறாண்டுக்கு மேல் புழங்கிய இருக்கைக்குத் துணி பலமுறை மாற்றப்பட்டு, துளைகள் சல்லடைபோல் நெருங்கியிருக்க வேண்டாமா? மூலைக்கட்டைகளில் இருந்தவை தலையில் கூட்டல்குறிப் பள்ளமுள்ள ஸ்டார் ஸ்க்ரூக்கள். அவை சந்தைக்கு வந்ததே 1930-களின் நடுவில். வடிவம்தான் பழையது, நாற்காலி பழையதன்று என்று சொன்னேன். வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை.

காரைக்குடி உறுப்பினர்:
சிம்மக்கல் நண்பரின் முடிவு அவசரமானது. கரையான் அரித்த சட்டத்தை மாற்றிவிட்டுப் பழைய கால்களையே பொருத்துவது உண்டு. மாற்றிய சட்டத்தில் ஒரு வரிசைத் துளைதான் இருக்கும். ஸ்க்ரூவும் அப்போது ஏறியதாகலாம். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாற்காலியைக் காட்டி 1790-ஐச் சேர்ந்தது என்றார்கள். உள்ளே சணல் கயிற்றால் இழுத்துக் கட்டிய சுருள் ஸ்பிரிங்குகள் இருந்தன. சுருள் ஸ்பிரிங் இருக்கைக்கு இங்கிலாந்தில் சாமுவேல் பிராட் காப்புரிமை பெற்றது 1828-இல். ஆயினும் ஸ்பிரிங்கைப் பின்னாளில் சேர்த்திருக்கலாம் என்பதால் நான் அத்துடன் விடவில்லை. ஸ்பிரிங் இல்லாத இருக்கையில், மெத்தையைத் தாங்கும் நாடாப்பட்டையைச் சட்டத்தின் மேல்விளிம்பில் அறைவார்கள். ஸ்பிரிங் இருந்தால் அதன் உயரத்துக்கு இடம்விட்டு அடிவிளிம்பில் அறைவார்கள். அந்த நாற்காலியின் மேல்விளிம்பில் பட்டை அறைந்த தடமே இல்லை. அது ஸ்பிரிங்குக்கென்றே செய்யப்பட்டது.

திருமங்கலம் உறுப்பினர்:
எங்கள் ஈட்டிமர நாற்காலியின் சட்டத்து உட்புறத்தில் பிறைபிறையாக ரம்பத் தடம் தெரிகிறது. வட்ட ரம்பம் அறுத்த மரம் அது, கையால் அறுத்திருந்தால் தடம் நேர்கோடாக இருந்திருக்கும். ஆகவே அது இயந்திர ரம்பம் வந்த பிறகு செய்ததே. இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். வடிவத்தை நம்பி ஆண்டு குறிக்காதீர்கள். இங்கிலாந்தின் மரச்சாமான் தச்சர் தாமஸ் சிப்பண்டேல் 1754-இல் வெளியிட்ட மாதிரிகளை 19, 20-ஆம் நூற்றாண்டுகளிலும் செய்துகொண்டேயிருந்தார்கள். துணியை ஒரே இழுப்பில் கிழிக்காமல் அடுக்கடுக்காக எடுத்து, தேங்காய்நார், குதிரைமயிர், நுரை ரப்பர் என எது கிடைத்தாலும் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள்; அடியில் கிடக்கும் அடுக்கே பெரும்பாலும் பழையது. கால்களின் உட்புறத்தை மட்டும் ஆசாரி உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். கால்கள் மட்டும் பழையவையா, அதாவது சட்டம் மாற்றப்பட்டதா என்று சிம்மக்கல் நண்பர் இனிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.