சபை ஹாலில் குரூப் 4 வகுப்பு: தொடங்கும்போது ஜெபம் வேண்டுமா, வேண்டாமா?

தல்லாகுளத்தான்
விஷயம் இதுதான். எங்கள் சபைக்குப் பின்னால் ஒரு ஹால் இருக்கிறது. ஞாயிறு பள்ளி, கல்யாண விருந்து, கிறிஸ்துமஸ் ஒத்திகை தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். அதில் சாயங்காலம் 6 முதல் 9 வரை குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு இலவச வகுப்பு நடத்தலாம் என்று சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் பேசினோம். எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். அதுவரை எல்லோருக்கும் ஒரே மனசு. ஜெபத்தோடு தொடங்குவதா என்ற கேள்வி வந்ததும் கமிட்டி இரண்டாக உடைந்துவிட்டது.

நான் வேண்டாம் என்கிற கட்சி. இரண்டு நிமிட ஜெபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "ஓ, இதற்குத்தான் கூப்பிட்டார்களா" என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், அப்புறம் நாம் சொல்லிக் கொடுக்கும் கணக்குகூட சந்தேகத்தோடுதான் போய்ச் சேரும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பசுமலைவாசி
தம்பி, நீங்கள் சொல்கிறபடி நடத்த சபை எதற்கு? ஹால் வாடகை கொடுக்கிற எந்த டிரஸ்டும் நடத்துமே.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-ராமநாதபுரத்துக்குப் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். 1959 வரை இந்த ஊர்களில்தான் சுற்றினார். பிறகு சென்னைப் பேராயராகவும் இருந்து 1974இல் இங்கிலாந்து திரும்பினார். அங்கே அவர் கண்டது என்ன? விசுவாசத்தை யாரும் எதிர்த்து நிற்கவில்லை. "அது உங்கள் சொந்த விஷயம், வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒதுக்கிவிட்டார்கள். எதிர்ப்பைத் தாங்கலாம், இந்த அலட்சியத்தைத் தாங்குவதுதான் கஷ்டம் என்றார். சுவிசேஷம் பொதுவெளியில் சொல்ல வேண்டிய உண்மை என்று சாகும்வரை வாதாடினார். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2011இல் 59.3 சதவீதம், 2021இல் 46.2. யாரும் விரட்டவில்லை. கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே கரைந்துபோனார்கள். நம் ஹாலிலும் அந்தக் கூச்சம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வைகை வடகரை
ஐயா, வணக்கம். நான் ஞானஸ்நானத்துக்குப் பிறகு வளர்ந்ததும் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல் வரை எல்லாம் முடித்து இப்போது சபைக்கு வராதவன். அதனால் கரைந்துபோன ஆளின் வாக்குமூலமாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

மதுரை இங்கிலாந்து இல்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, இந்த ஊரில் மதம் வீட்டுக்குள் முடங்கிவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? இங்கே குறைவது மதம் இல்லை, சபையின் மேல் இருந்த மரியாதை. நானும் என் செட்டும் நாத்திகப் புத்தகம் படித்து வெளியே போகவில்லை. சபைத் தேர்தலுக்கு முந்தின மாதம் சந்தா பாக்கி என்று எதிரணி ஆட்களின் பெயரை வாக்காளர் பட்டியலில் இருந்து அடித்தார்கள். ஆராதனை முடிந்து வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், கேஸ் கோர்ட்டுக்குப் போனது. உள்ளே சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம், வெளியே போலீஸ் வேன். எங்களில் பலருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பசுமலைவாசி
தேர்தல் அசிங்கத்தை நானும் வெறுக்கிறேன். அதற்கும் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் அப்பா சரியில்லை என்றால் சாப்பாட்டையா நிறுத்துவோம்?

உசிலம்பட்டிக்காரன்
நான் உங்கள் மதம் இல்லை. ஆனால் கிறிஸ்தவர்கள் பொதுவாழ்க்கையில் எப்படி இருப்பது என்று பேசுகிற இடத்தில் ஜார்ஜ் ஜோசப் பெயர் இன்னும் வரவில்லையே, மதுரைக்காரர்கள்தானா நீங்கள்?

செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், மதுரையில் பாரிஸ்டர். சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திக் கைரேகை வாங்கிய, ரேகைச் சட்டம் என்று நாங்கள் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ஆட்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு எதிராகப் பிரமலைக் கள்ளர்களுக்காக நின்ற வக்கீல் அவர். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ரோசாப்பூ துரை. பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். 1938இல் மதுரையில் இறந்தார். அவர் கல்லறைக்கு இன்றும் எங்கள் பக்கத்து ஆட்கள் மாலையோடு போகிறார்கள். அவர் எங்கள் தாத்தாக்களிடம் வேதம் படித்துவிட்டுத்தான் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

தல்லாகுளத்தான்
அண்ணே, இதைத்தான் கமிட்டியில் சொல்லத் தெரியாமல் திணறினேன்.

பசுமலைவாசி
ஜோசப்பை முழுசாகச் சொல்லுங்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டவர்களும் நடக்க உரிமை கேட்ட வைக்கம் போராட்டத்தை 1924இல் முன்னின்று நடத்தியபோது, இதை இந்துக்களிடமே விட்டுவிடுங்கள் என்று காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் கைதாகிச் சிறைக்கும் போனார். அதாவது, அவர் வாய் திறக்காவிட்டாலும் உலகம் அவரைக் கிறிஸ்தவர் என்றே பார்த்தது. நம்மையும் அப்படித்தான் பார்க்கும். ஜெபத்தை எடுத்துவிட்டால் சந்தேகம் போய்விடும் என்பது தம்பியின் ஆசை. போகாது. "ஒன்றும் சொல்லாமல் நைசாக இழுக்கிறார்கள்" என்று அதற்கும் ஒரு பேச்சு கிளம்பும். 2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் திரும்பப் போனதே, அப்போது எங்கள் மிஷன் பள்ளிகளில் ஜெபத்தை நிறுத்தினோமா?

செல்லூர் கார்த்தி
மிஷன் பள்ளியில் படித்த இந்துப் பையன் நான். தினமும் காலையில் ஜெபம் உண்டு. நான் கண்ணை மூடியதில்லை, முன்வரிசைப் பையனின் காலர் அழுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பரீட்சைக்கு அம்மா பாண்டி கோயில் விபூதி பூசி அனுப்புவார், அதையும் யாரும் அழிக்கச் சொன்னதில்லை. எனக்கு ஜெபம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அது பள்ளி, அப்பா அம்மா சேர்த்துவிட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில்கூட சம்மதம் இல்லாமல் யாரையும் வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ஹாலுக்கு அது பொருந்தாது, இருந்தாலும் யோசியுங்கள்.

மேலூர் ரோஸ்லின்
எல்லோரும் நியூபிகின், ஜோசப் என்று பெரிய இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்பில் வந்து உட்காரப்போவது யார் என்று பாருங்கள்.

எஸ்.சி. பட்டியல் பற்றிய 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்.சி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். எங்கள் பக்கம் ஞானஸ்நானம் எடுத்தால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியல். அதனால் சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சபை என்று இரண்டு பெயரோடு வாழ்கிற குடும்பங்கள் எத்தனை என்று ஐயாவுக்குத் தெரியாததா? அப்படி ஒரு பெண் குரூப் 4க்குப் படிக்க வருகிறாள். தலையில் முக்காடு போட்டு ஜெபிக்கிறாள். பக்கத்தில் ஒருத்தன் போனில் படம் எடுக்கிறான். நாளைக்கு வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் பொய் என்று அந்தப் படத்தோடு ஒரு மனு போகிறது. உங்கள் இரண்டு நிமிடத்துக்கு விலை அவளுடைய வேலை.

பசுமலைவாசி
அம்மா, அது அரசாங்கம் செய்கிற அநியாயம். அநியாயத்துக்குப் பயந்து ஜெபத்தை ஒளித்தால், அந்தச் சட்டத்தை நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? வெளிப்படையாக நின்று அதை மாற்றச் சொல்வதுதான் சபையின் வேலை.

மேலூர் ரோஸ்லின்
சொல்லுங்கள் ஐயா, தாராளமாகச் சொல்லுங்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் எஸ்.சி. தகுதிக்கு இருக்கிற மத நிபந்தனையை எடுக்கலாம் என்று 2007இலேயே அறிக்கை கொடுத்தது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். சட்டம் மாறும்வரை அவள் பரீட்சை எழுதாமல் காத்திருப்பாளா? இன்னொன்று. வெளியே அரசாங்கம் கிறிஸ்தவள் என்று எங்களைத் தள்ளுகிறது, உள்ளே சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சாதிச் சுவர் நிற்கிறது. சபை வெளிப்படையாக நிற்க வேண்டும் என்றால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் முதலில் நிற்கட்டும். ஹால் ஜெபத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வைகை வடகரை
அக்கா சொல்வதை ஞாயிறு மேடையில் யாராவது சொன்னால் நானே சந்தா பாக்கியைக் கட்டிவிட்டு வந்து உட்காருவேன்.

தல்லாகுளத்தான்
ரோஸ்லின் அக்கா சொன்ன கோணம் கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பசுமலை ஐயாவுக்கு ஒன்று. அதே நியூபிகின் ஓய்வுக்காலத்தில் பர்மிங்ஹாமில் ஒரு சிறைக்கு எதிரே, மூடிவிடலாம் என்று இருந்த சின்னச் சபையை எடுத்து நடத்தினார். சுவிசேஷத்தை ஊர் நம்புவது, அதன்படி வாழ்கிற ஒரு சபையைப் பார்த்துத்தான் என்பதும் அவர் வாதம்தான். மத்தேயுவில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்று ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது, வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்று ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் ஐந்தாம் அதிகாரத்தோடு நிறுத்துகிறீர்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் தீர்மானம் வைக்கிறேன். வகுப்பில் ஜெபம் இல்லை. ஜெபிக்க விரும்புகிறவர்களுக்கு ஐந்தரைக்கு ஆலயம் திறந்திருக்கும், ஹாலில் இல்லை. சுவரில் இருக்கிற வசனப் பலகையைக் கழற்ற மாட்டோம். ஹாலில் யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி அக்காவுடையது.

பசுமலைவாசி
ஆறாம் அதிகாரம் எனக்கும் மனப்பாடம் தம்பி. அதில்தான் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபமும் இருக்கிறது. நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். தோற்றால் பொதுத்தமிழ் வகுப்பை நான் எடுக்கிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் எடுத்த பாடம். கதவைத் திறக்கும் முன் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொள்வேன், அதற்கும் தீர்மானம் போடுவீர்களோ என்னவோ.

செல்லூர் கார்த்தி
ஐயா தமிழ் எடுப்பதாக இருந்தால் என் தங்கச்சியை அனுப்புகிறேன். ஆனால் ஒன்பது மணிக்கு விட்டால் பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர நேரமாகிவிடும். எட்டரைக்கு முடிக்கப் பாருங்கள். ஹாலில் பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை இருக்கிறதா?