பழைய சீரியம் தூள் பாட்டில், எண்ணெய் வற்றியிருக்கிறது: திறக்கலாமா?

செபராங்_கவின்
வணக்கம். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளராக இருக்கிறேன். கெமிக்கல் ஸ்டோரைக் கணக்கெடுத்தபோது பின்வரிசையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் கண்ணில் பட்டது. லேபிள் எண்ணெயில் ஊறிப் பாதி அழிந்துவிட்டது. 'சீரியம்', '25 கிராம்', '200 மெஷ்' (தூள் எவ்வளவு நைஸ் என்று காட்டும் சல்லடை அளவு) என்பது மட்டும் தெரிகிறது. உள்ளே கருஞ்சாம்பல் நிறத் தூள். எண்ணெய் முன்பு எதுவரை இருந்தது என்று கண்ணாடியில் கோடு தெரிகிறது, இப்போது தூளின் மேல்பாதி எண்ணெய்க்கு வெளியே நிற்கிறது. மூடியின் மரையைச் சுற்றி வெளிர்மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது.

துறைத் தலைவர் "திறந்து எண்ணெய் ஊற்றி மூடி வை" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்டோரில் ஏர்கானை (குளிர்சாதனத்தை) ராத்திரியில் அணைத்துவிடுவார்கள். தீயணைப்பான் கார்பன் டை ஆக்சைடு ஒன்றுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பாயான்பாரு_லென்ஸ்
தம்பி, இதற்கா பயம்? நாங்கள் கண்ணாடி பாலிஷ் போட சீரியத்தை மூட்டை மூட்டையாக வாங்குகிறோம். தண்ணீரில் குழைத்துத்தான் தேய்க்கிறோம். ஒன்றும் ஆனதில்லை.

பிறை_உலை
லென்ஸ் அண்ணே, நீங்கள் குழைப்பது சீரியம் ஆக்சைடு. அது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி, மறுபடி பற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆக்சைடை யாரும் எண்ணெயில் போட்டு வைக்கவும் மாட்டார்கள். கவின் சொல்கிற நிறத்தையும் எண்ணெயையும் பார்த்தால் எனக்குச் சீரியம் என்கிற உலோகத்தின் தூளாகத்தான் படுகிறது.

கவின், பாட்டிலைக் கையில் எடுக்காமல் டார்ச் அடித்து லேபிளை இன்னொரு முறை பாருங்கள். சாய்சதுரச் சின்னம் ஏதாவது இருக்கிறதா, என்ன நிறம்? பக்கத்தில் நான்கு இலக்க ஐ.நா. எண் இருக்கும். 1333 என்றால் கட்டி அல்லது கம்பி. 3078 என்றால் சீவல் அல்லது தூள், தண்ணீர் பட்டால் ஆபத்து என்ற வகை.

செபராங்_கவின்
நீல நிறத்தில் பாதிச் சின்னம் தெரிகிறது, உள்ளே தீச்சுடர் படம். எண் 3078.

பிறை_உலை
அப்போது திறக்கவே கூடாது. துறைத் தலைவரிடம் காட்டுவதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிகரெட் லைட்டரில் பொறி தெறிக்கிற கல்லைப் பார்த்திருப்பீர்கள். அது சீரியமும் இரும்பும் சேர்ந்த கலவை. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் கொண்டுவந்தது. சக்கரம் உரசும்போது துளித்துளியாகப் பெயர்கிற உலோகம் காற்றில் தானே பற்றிக்கொள்கிறது. உங்கள் பாட்டில் மரையில் சிக்கியிருப்பதும் சீரியம்தான். வெளியே தெரிகிற மஞ்சள் பொருக்கு ஆக்சைடு, அதற்கு அடியில் இன்னும் மாறாத துகள் இருக்கலாம். மூடியைத் திருகினால் லைட்டரில் நடக்கிற அதே உரசல் அங்கேயும் நடக்கும், அதுவும் 25 கிராம் தூளுக்கு நேர் மேலே.

கட்டியாக இருந்தால் சீரியம் இவ்வளவு படுத்தாது. தூளானால் காற்றில் 150 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே பற்றக்கூடும், மிகவும் நைஸாக இருந்தால் அந்தச் சூடுகூட வேண்டாம். அலுமினியத்துக்கு அதன் ஆக்சைடே கவசம். சீரியத்தின் ஆக்சைடு உதிர்ந்துகொண்டே இருப்பதால் உள்ளே இருப்பதும் வெளியே வந்து அரிபடும். போதாததற்கு நம் ஊர் ஈரக்காற்று. ஈரம் உள்ளே போயிருந்தால் ஹைட்ரஜன் உண்டாகி பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

எண்ணெய் ஊற்றச் சொன்னதில் தப்பில்லை. அதை ஆர்கான் என்ற, எதனோடும் வினைபுரியாத வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) வைத்துச் செய்ய வேண்டும். திறந்த மேசையில் செய்யக்கூடாது.

ஆயர்ஈத்தாம்_டீச்சர்
கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் போதாதா? எங்கள் பள்ளி லேப்பிலும் அதுதான் இருக்கிறது.

பிறை_உலை
ஆகவே ஆகாது டீச்சர். எரிகிற சீரியம் அந்த வாயுவில் இருக்கிற ஆக்சிஜனையே பிடுங்கிக்கொண்டு கரியை விட்டுவிடும். பீய்ச்சுகிற வேகத்தில் தூளும் நாலாபக்கம் பறக்கும். தண்ணீர், நுரை இரண்டும் கூடாது. சாதாரண ஏபிசி பவுடரையும் நம்ப வேண்டாம். உலோகத் தீக்கென்றே டி வகுப்பு பவுடர் விற்கிறார்கள், பெரும்பாலும் உப்பை அடிப்படையாகக் கொண்டது. அது இல்லையென்றால் நன்றாக உலர்ந்த மணல். உலர்ந்த என்பதைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குப் பின்னால் மழையில் கிடக்கிற குவியலோ, பத்து பெரிங்கி கடற்கரையிலிருந்து வாளியில் அள்ளி வந்ததோ உதவாது. அடுப்பில் காயவைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் போட்டு, எளிதில் எடுக்கிற இடத்தில் வைக்க வேண்டும். தீயின் மேல் வீசாமல் மெதுவாகச் சரித்து மூட வேண்டும்.

பாயான்பாரு_லென்ஸ்
எங்கள் மூட்டையில் ஆக்சைடு என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அது இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறம் ஆயிற்றே, கவின் சொல்கிற பொருக்கு மஞ்சள் என்கிறாரே?

பிறை_உலை
சுத்தமான ஆக்சைடு வெளிர்மஞ்சள்தான் அண்ணே. பாலிஷ் தூளில் பிரசியோடைமியம் என்ற இன்னொரு உலோகத்தின் ஆக்சைடு கலந்திருப்பதால் அந்த நிறம். உங்களுக்குத் தீப்பயம் இல்லை, சரி. ஆனால் காய்ந்த தூள் மூக்கில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில், சீரியம் கலந்த கார்பன் ஆர்க் விளக்குப் புகையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரலில் சீரியம் படிந்த கேஸ்கள் உண்டு.

செபராங்_கவின்
பாட்டில் இருக்கிற அதே தட்டில் எளிதில் தீப்பற்றும் அசிட்டோனும் எத்தனாலும் நிற்கின்றன. இன்று ராத்திரிக்கு என்ன செய்வது?

பிறை_உலை
பாட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அசிட்டோன், எத்தனாலை ஒவ்வொன்றாக, அதன் மேல் இடிக்காமல் எடுத்து வேறு அறைக்கு மாற்றுங்கள். பருத்திக் கோட்டு போடுங்கள், நைலான் வேண்டாம். முகத்துக்கு ஷீல்டு அவசியம். பொருக்கைத் துடைக்கக் கூடாது, ஈரத்துணியால் அறவே கூடாது. ஏர்கானை ராத்திரியும் ஓட விடச் சொல்லுங்கள், கதவைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டுங்கள். பாட்டில் சுடுகிற மாதிரி இருந்தாலோ, மூடி உப்பினாலோ, புகை கண்டாலோ எல்லோரும் வெளியே வந்துவிட்டு 999. பொம்பாவிடம் (தீயணைப்புத் துறையிடம்) முதல் வாக்கியத்திலேயே "உலோகத் தூள், தண்ணீர் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.

நாளைக்கே ஜே.ஏ.எஸ். (சுற்றுச்சூழல் துறை) உரிமம் பெற்ற கழிவு கான்டிராக்டரைக் கூப்பிடுங்கள். 2005 கழிவு விதிமுறைப்படி அவர்கள்தான் எடுத்துப்போக வேண்டும். சப்ளையரிடம் எஸ்.டி.எஸ். (பாதுகாப்புத் தகவல் தாள்) கேளுங்கள், மலாய், ஆங்கிலம் இரண்டிலும் தர வேண்டும் என்பது சட்டம்.

செபராங்_கவின்
துறைத் தலைவரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். லைட்டர் விஷயத்தைக் கேட்டதும் மேற்கொண்டு பேசவில்லை, பூட்டச் சொல்லிவிட்டார். கான்டிராக்டர் போட்டோவும் எண்ணும் கேட்டார், அனுப்பியாயிற்று. திங்கட்கிழமை வருகிறார்கள், ஆர்கான் வசதி உள்ள பெட்டியோடு.

ஆயர்ஈத்தாம்_டீச்சர்
அதே அலமாரியில் சோடியம், லித்தியம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஒரே நடையில் அதையும் கொடுத்துவிடலாம்.

செபராங்_கவின்
சோடியம் ஒரு டப்பா இருக்கிறது டீச்சர். நல்லவேளை, முழுக்க எண்ணெயில் மூழ்கித்தான் இருக்கிறது. பட்டியலில் சேர்த்துவிட்டேன்.