குளியலறைச் சுவரில் இருப்பது பிரவுன் ரெக்லூஸ் இல்லை

வால்பாறைவாசி:
நேற்று திருப்பூர்க்காரன் படம் போட்டு, “குளியலறையில் பிரவுன் ரெக்லூஸ், கடிச்சா சதை அழுகும், எல்லாரும் வீட்டைச் சோதிங்க” என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு என் தங்கை மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். எதற்கு இந்தப் பீதி? அது ஹன்ட்ஸ்மேன். ஓட்டு வீடு, மாட்டுக்கொட்டகை, மளிகைக் கிடங்கு என்று நம் ஊரில் எங்கேயும் இருக்கிற எட்டுக்கால் பூச்சி. வலை கட்டிக் காத்திருக்காது, ராத்திரியில் கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். கீசர் குழாய் பக்கத்தில் சுவரோடு ஒட்டி, கால்களை நண்டு மாதிரி பக்கவாட்டில் விரித்து உட்கார்ந்திருக்கிறதே, அது ஒன்றே போதும். பிரவுன் ரெக்லூஸ் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் இருக்கிற விஷச் சிலந்தி.

திருப்பூர்க்காரன்:
ரெக்லூஸுக்கு இருக்கற மாதிரியே முதுகுல வயலின் குறி இருக்கு. படத்தைப் பெருசாக்கிப் பாருங்க.

வால்பாறைவாசி:
குறியை வைத்து முடிவு செய்யக் கூடாது. கண்ணைப் பாருங்கள். ரெக்லூஸுக்கு ஆறு கண், மூன்று ஜோடியாக. ஹன்ட்ஸ்மேனுக்கு எட்டு, இரண்டு வரிசையாக. முன்வரிசைக்குக் கீழே வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று மீசை மாதிரி ஓடும்.

திருப்பூர்க்காரன்:
கண்ணை எண்ண நீங்க வாங்க, நான் கதவைத் திறந்து விடறேன். வயலின் குறி இருக்கா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

மல்லிகை:
எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டா கொப்புளம் வரும்னு எங்க அம்மாச்சி சொல்லுவாங்க. போன ஐப்பசியில என் பையன் கழுத்துல கோடு இழுத்த மாதிரி கொப்புளம். விஷம் இல்லாமலா வந்துச்சு?

வால்பாறைவாசி:
அம்மா, அது எட்டுக்கால் பூச்சி செய்த வேலையே இல்லை. மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும், செம்மஞ்சளும் கறுப்புமாக எறும்பு அளவில் ஒரு வண்டு, பெடரஸ். அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது அடித்துத் தேய்த்துவிடுகிறோம். அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலைப் புண்ணாக்குகிறது. தேய்த்த தடத்திலேயே கோடாகக் கொப்புளம் வரும். ஹன்ட்ஸ்மேனுக்கு விஷமே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கடித்தால் வலிக்கும், வீங்கும். சதை அழுகாது.

ஓய்வுபெற்றவன்:
தம்பி வழக்கம்போல அடித்து விடுகிறார். பிரவுன் ரெக்லூஸ் இருக்கும் அதே லாக்ஸோசிலஸ் பேரினத்தில் ருஃபெசென்ஸ் என்ற சிலந்தி இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. மத்தியதரைக்கடல் பக்கத்துச் சிலந்தி, சரக்கோடு சரக்காக உலகம் முழுக்கப் பரவியது. இதெல்லாம் தெரியாமல் பாடம் எடுக்க வந்துவிட்டார்.

வால்பாறைவாசி:
ஐயா, நான் சொன்னது பிரவுன் ரெக்லூஸ். ருஃபெசென்ஸ் வேறு இனம். அதற்கும் ஆறு கண்தான், உடம்பு ஒரு சென்டிமீட்டரைத் தொடுவதே அபூர்வம். படத்தில் இருப்பது கால் விரித்தால் உள்ளங்கையை மறைக்கும்.

ஓய்வுபெற்றவன்:
போன மழைக்காலத்தில் நான் கட்டுவிரியன் என்று சொன்ன பாம்பை விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று சாதித்தவர்தானே நீங்கள்? அதற்கே இன்னும் கணக்குத் தீரவில்லை.

வால்பாறைவாசி:
அது வரையன்தான், இன்றும் சொல்கிறேன். பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து வால் பக்கம் மங்கினால் வரையன். கழுத்துப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, போகப் போகத் தெளிந்தால் கட்டுவிரியன். அந்தப் படத்தில் வால் வெறுமையாக இருந்தது. எதுவானாலும் கையால் தொடாதீர்கள் என்றும் எழுதினேன். அதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

ஓய்வுபெற்றவன்:
வால் படத்திலேயே முழுசாக விழவில்லை!

மல்லிகை:
பாம்பை விடுங்க. அந்த எட்டுக்கால் பூச்சி வயித்துக்குக் கீழ வெள்ளையா வட்டமா ஒண்ணைப் பிடிச்சிட்டு இருக்கே, அது என்னங்க?

வால்பாறைவாசி:
முட்டைப்பை! இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். பெண் ஹன்ட்ஸ்மேன் அந்தத் தட்டையான பையைக் குஞ்சு பொரிக்கும்வரை உடம்புக்கடியில் சுமந்து திரியும். ரெக்லூஸ் அப்படித் தூக்கிக்கொண்டு அலையாது, ஒளிந்திருக்கும் இடத்திலேயே வலைக்குள் வைத்துவிடும். இதற்கு மேலும் என்ன ஆதாரம் வேண்டும்?

திருப்பூர்க்காரன்:
பையெல்லாம் சரி. வயலின் குறிக்கு இன்னும் பதில் வரல.

மல்லிகை:
ஐயோ, அப்ப அத்தனை குஞ்சும் என் வீட்டுக்கும் வருமா? நானும் அதே பிளாக்குங்க.

திருப்பூர்க்காரன்:
நாளைக்குக் காலையில மருந்தடிக்க ஆள் வர்றாங்க. உங்க வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லட்டுமாக்கா?

வால்பாறைவாசி:
ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி மாடியில் விட்டாலே போதும். மருந்தை அடித்துவிட்டு, அடுத்த மாதம் கரப்பான் தொல்லை என்று இங்கே வராதீர்கள்.

ஓய்வுபெற்றவன்:
வால் தெரியாத படத்தை வைத்துப் பாம்பு பேர் சொன்னவர் பேச்சைக் கேட்டு யாரும் டப்பாவைத் தூக்க வேண்டாம்.