பேட்டரி மாற்றியபின் விண்டோஸ் திறக்கவில்லை: ஃபார்மட் செய்யாமல் மீட்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். வீட்டுக் கணினியில் தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போய், அதனால் இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டித் திறக்க மறுத்ததால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். நேரம் இப்போது சரியாக நிற்கிறது. ஆனால் விண்டோஸ் 10 தொடங்கும்போதே நீலத்திரையில் 'இன்னாக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று காட்டி, மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. பழுதுபார்க்கும் கடையில் டிஸ்க்கை ஃபார்மட் செய்தாக வேண்டும் என்கிறார்கள். அம்மாவின் மருத்துவ அறிக்கைகள் அதில்தான் உள்ளன. வேறு பிரதி இல்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும், கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பகுதி) எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

மறுமொழி 1:
தயவுசெய்து ஃபார்மட் செய்ய விடாதீர்கள். உங்கள் டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பல மதர்போர்டுகளில் பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது சாட்டா மோடும், அதாவது மதர்போர்டு டிஸ்க்கை அணுகும் முறையும், மாறியிருக்கலாம். விண்டோஸ் இதுவரை எந்த மோடில் இயங்கியதோ அதற்குரிய டிரைவரைத்தான் (டிஸ்க்கைப் படிக்க உதவும் மென்பொருள்) தொடக்கத்தில் ஏற்றும் என்பதால், மோடு மாறினால் நல்ல டிஸ்க்கையும் அதனால் படிக்க இயலாது.

கணினியை இயக்கியவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையை விட்டுவிட்டு அழுத்தினால் பயாஸ் திறக்கும். எதையும் மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு' பகுதியில் சாட்டா மோடைப் பாருங்கள். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்க உதவும் முறை) என்றிருந்தால் ஏஹெச்சிஐ (டிஸ்க்குகளைத் தனித்தனியாக இயக்கும் வழக்கமான முறை) என்றும், ஏஹெச்சிஐ என்றிருந்தால் ரெய்டு என்றும் அந்த ஒன்றை மட்டும் மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பலன் இல்லையென்றால் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு இங்கே எழுதுங்கள். இரண்டு டிஸ்க்குகளை ரெய்டாக இணைத்திருந்தால் மட்டும், மாற்றுமுன் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் சிப்பை அழிக்கும் 'கிளியர் டிபிஎம்' என்பதைத் தொட வேண்டாம். பயாஸ் அப்டேட்டும் இப்போது வேண்டாம். இடையில் மின்சாரம் போனால் போர்டே இயங்காமல் போகக்கூடும். தவறாக எதையாவது மாற்றிவிட்டதாகத் தோன்றினால், சேமிக்காமல் வெளியேறுங்கள்.

கேட்டவர்:
ஒரே டிஸ்க்தான். ரெய்டு என்றிருந்ததை ஏஹெச்சிஐ ஆக்கியதும் விண்டோஸ் திறந்துவிட்டது. மிக்க நன்றி. அறிக்கைகளை வெளி டிஸ்க்கிற்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு 3200 காட்டிய ரேம் வேகம் இப்போது 2133 என்கிறது. இதையும் மாற்றலாமா?

மறுமொழி 1:
நகலெடுப்பு முடியட்டும்; கோப்புகள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். ரேமை அதன் முழு வேகத்தில் இயக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு அணைந்ததால்தான் வேகம் குறைந்துள்ளது. பயாஸில் அந்தப் புரொஃபைலை மட்டும் இயக்குங்கள். மின்னழுத்த எண்களைக் கையால் மாற்றாதீர்கள். அதன்பின் கணினி திணறினால் எக்ஸ்எம்பியை அணைத்துவிடுங்கள். 2133 வேகத்திலும் அன்றாட வேலைகள் தடையின்றி நடக்கும்.