லாட்டரிச் சீட்டில் வந்த 739397: எந்தப் பக்கம் வெட்டினாலும் பகா எண்ணா?

ஆரியங்காவு டீக்கடை:
சீட்டு விற்கிறவர் பழைய டீ பாக்கிக்கு ஒரு கேரளா லாட்டரியை நீட்டிவிட்டுப் போனார். எண் 739397. மூன்று மணிக் குலுக்கலில் கடைசி நாலு இலக்கத்துக்குக்கூட ஒன்றும் விழவில்லை. கசக்கப் போன சீட்டை எட்டாவது படிக்கும் மகள் பிடுங்கிக்கொண்டாள். பின்பக்கம் பென்சிலில் வலமிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டினாள்: 73939, 7393, 739, 73, 7. அப்புறம் இடமிருந்து: 39397, 9397, 397, 97, 7. எல்லாமே, மலையாளத்தில், 'அபாஜ்ய சங்க்ய' என்கிறாள். செங்கோட்டையில் படித்த எனக்கு அது பகா எண் என்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. முழு ஆறு இலக்கமும் பகா எண்தானா? எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

புளியரைக்காரன்:
அண்ணாச்சி, டீ பாக்கியை லாட்டரியில் வசூல் பண்ணுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கணக்குக்கு வாத்தியார் வரட்டும்.

பழைய கணக்கு வாத்தியார்:
பகா எண்தான். 860-இன் வர்க்கம் 739600, உங்கள் எண்ணைத் தாண்டிவிடுகிறது. அதனால் 859 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். மொத்தம் 149. 2, 5 பார்த்தவுடனே கழிந்துவிடும். இலக்கங்களைக் கூட்டினால் 38, ஆகவே 3-ம் வகுக்காது. 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே வேலை. அவற்றைப் பெருக்கினால் 1001 வருவதால், எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்துக் கழித்தால் போதும்: 739 − 397 = 342. இதை அந்த மூன்றில் எதுவும் வகுக்காது.

பாப்பா கையில் கிடைத்தது லேசுப்பட்ட எண் இல்லை. இரண்டு பக்க வெட்டையும் தாங்கும் பகா எண்கள் மொத்தமே 15. நாலு இலக்கத்தில் 3137, 3797 இரண்டுதான். ஐந்து இலக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆறில் இது ஒன்று, அதோடு சரி.

நடுவில் 3-ம் 9-மாகவே இருப்பதைப் பாருங்கள். 2, 4, 5, 6, 8, 0 வந்தால் வலப்பக்க வெட்டில் அந்த இலக்கத்தில் முடியும் எண் மாட்டிக்கொள்ளும். 1 அல்லது 7 ஒன்று வந்தாலும் இரு ஓரத்து 7-களோடு சேர்ந்து கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டுவிடும்.

ஆரியங்காவு டீக்கடை:
கடைசி இலக்கம் 1 என்றால்? அதே கட்டில் 739391 இருந்திருக்குமே.

பழைய கணக்கு வாத்தியார்:
அதுவும் பகா எண். வலமிருந்து வெட்டினால் கடைசிவரை தாங்கும். வலப்பக்கம் இன்னும் இரண்டு 3 சேர்த்தால் 73939133, அந்த வகையில் அதுதான் ஆகப் பெரியது. ஆனால் இடமிருந்து வெட்டினால் கடைசியில் 1 மிஞ்சும். 1 பகா எண் இல்லை.

ஆரியங்காவு டீக்கடை:
நீங்கள் சொல்லியும் அவள் நம்பவில்லை சார். 149-ஐயும் வகுத்தே தீருவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். இப்போது 127. மீதி 3 வந்ததாம்.