வெள்ளிக் காசில் ஐந்து முத்திரைகள்: எக்காலத்தது?

மஞ்சக்குப்பம் வாசகர்:
பாட்டியின் சுருக்குப் பையில் கிடைத்த காசு இது. எடை 3.3 கிராம். ஒரு பக்கம் சூரியன் உட்பட ஐந்து முத்திரைகள், மறுபக்கம் ஒரு சிறு குறி மட்டும். மன்னர் பெயரே இல்லை. புளி போட்டுத் தேய்க்கலாமா?

புதுச்சேரி சேகரிப்பாளர்:
தேய்க்கவே தேய்க்காதீர்கள், தம்பி! கறுப்புப் படிவோடு சான்றும் போய்விடும். நீங்கள் சொல்வது மகத, மௌரியக் கால முத்திரை நாணயத்தோடு பொருந்துகிறது. வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடை கூடினால் மூலையை நறுக்கி, ஒவ்வொரு முத்திரையையும் தனித்தனி அச்சால் அடித்தார்கள். எழுத்துப் பொறிக்கும் வழக்கம் அவற்றில் இல்லை. 32 குன்றிமணி எடை, அதாவது சுமார் 3.4 கிராம், அதன் அளவு. எவ்வளவு அழகான ஒழுங்கு! ஆனால் போலிகள் ஏராளம். விளிம்பில் வார்ப்புக் கோடோ (உருக்கி வார்ப்பில் ஊற்றியதன் தடம்), பரப்பில் நுண்குழிகளோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பையும் சேர்த்துப் படம் போடுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்:
வீட்டுக் காசு என்பதால் கவலையில்லை. மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்திருந்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
நன்றி ஐயா. இரண்டு மூலைகள் நறுக்கப்பட்டிருக்கின்றன! பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுகிறேன்.