ஊராட்சிக் குழு குழந்தைகள் இல்லத்துக்குள் போய்ச் சோதிக்கலாமா? (ஏற்காடு ஒன்றியம்)

செம்மநத்தம் பக்கம்

ஏற்காடு ஒன்றியத்துல ஒரு ஊராட்சி பத்திக் கேக்கறேங்க. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு பேருக்கு இருக்குது. மினிட் புத்தகத்துல கையெழுத்தும் இருக்குது. ஆனா ஊராட்சி எல்லைக்குள்ள இருக்கற ஒரு தனியார் இல்லத்துல எத்தனை பிள்ளைங்க, எங்கிருந்து வந்தவங்கன்னு குழுவுல யாருக்கும் தெரியலை.

குழு உள்ள போய்ப் பார்க்க அதிகாரம் உண்டா? 2025 ஜனவரி 5-ஓட தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சே, இப்ப குழுவுக்கு யாரு தலைவர்? பழங்குடி மக்கள் ஊராட்சிங்கறதால கிராம சபைக்குத் தனி அதிகாரம் இருக்கு, தீர்மானம் போட்டே மூடிடலாம்னு ஒருத்தர் சொல்றார். சரிதானா?

படிவம்46

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். சரியில்லை. அவர் நினைப்பது, பழங்குடிப் பகுதி கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டத்தை. அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே கிடையாது. ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலை எதற்கும் பொருந்தாது.

உள்ளே போய்ச் சோதிக்கும் அதிகாரமும் ஊராட்சிக்கு இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 54-ன்படி அது மாவட்ட ஆய்வுக் குழுவின் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்தாக வேண்டும். குறைந்தது மூன்று பேர்; அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் கட்டாயம். பார்த்த ஒரு வாரத்துக்குள் அறிக்கை போக வேண்டும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இல்லத்தின் கதவைத் திறக்காமலே ஊராட்சி தன் கையில் இருக்கும் காகிதங்களை வைத்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில், அது எந்த உரிமத்தில் நடக்கிறது? ஏற்காட்டில் இந்தக் கேள்வியில்தான் குழப்பமே. மலை முழுக்க உறைவிடப் பள்ளிகள். பள்ளி விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கலெக்டர் தரும் உரிமம். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41-ன் பதிவு. சான்றிதழ் படிவம் 28-இல் இருக்கும், 5 ஆண்டுதான் செல்லும். பதிவே இல்லாமல் நடத்தினால் பிரிவு 42: ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

தவறு எப்படி நடக்கிறது என்றால், இல்லமாக நடத்திக்கொண்டு வெளியில் ‘ஹாஸ்டல்’ என்று பலகை மாட்டிவிடுவார்கள். அடையாளம் காண ஒரே வழி, குழந்தைகள் நலக்குழுவின் (இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் மாவட்டக் குழு) உத்தரவு. இல்லத்தில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த உத்தரவு இருக்க வேண்டும். ‘அப்பா அம்மாவே கொண்டுவந்து விட்டாங்க, எழுதி வாங்கியிருக்கோம்’ என்ற பதில் வந்தால் அதையே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்து தலைக்கணக்கு. உங்கள் குழுவில் தலைமையாசிரியர் இருப்பார். பள்ளியின் எமிஸ் (மாணவர் விவரங்கள் உள்ள கணினிப் பதிவு) பதிவில் ஒரே முகவரியில் எத்தனை பிள்ளைகள் என்று அவர் ஐந்து நிமிடத்தில் எண்ணிச் சொல்லலாம். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பிறகு ஊராட்சியில் உள்ள கட்டட வரைபடத்தை எடுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகள் 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடி படுக்கை அறை கேட்கின்றன, ஆளுக்கு 40. வரைபடத்தில் இருப்பது 600 சதுர அடி என்றால் 15 பேர்தான். பள்ளிக் கணக்கில் 38 பேர் வந்தால், மீதி 23 பேர் எங்கே படுக்கிறார்கள்? இந்த ஒரு வரி, ‘இல்லம் சரியில்லை’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட வேகமாக ஆய்வுக் குழுவை மலையேற்றும். ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) எல்லை என்பதால் பின்னால் கட்டிய கூடுதல் அறைக்கு அனுமதி உண்டா என்பதையும் அதே கோப்பில் பார்த்துவிடுங்கள். குடிநீர், கழிவுநீர்த் தொட்டி, குப்பை மூன்றும் ஊராட்சியின் சொந்த அதிகாரம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மினிட்புக்

தலைவர் கேள்விக்கு: இப்போ தனி அலுவலர்தான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). தலைவரோட அதிகாரம் அவர்கிட்ட இருக்கு, கூட்ட அறிவிப்பு அவர் பேர்ல வரணும். ஒன்றியம் முழுக்க அவர் ஒருத்தரேங்கறதால நேர்ல வருவார்னு காத்திருந்தா கூட்டமே நடக்காது. தேதியை முன்கூட்டியே எழுத்துல வாங்கிட்டு, ஊராட்சிச் செயலர் புத்தகம் எழுத, அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், தலைமையாசிரியர், மகளிர் குழுக் கூட்டமைப்பு ஆள் உட்கார்ந்து நடத்துங்க. முடிவை அவர்கிட்ட ஒப்புதலுக்கு அனுப்புங்க.

பிள்ளைகள் சார்பா ரெண்டு பேர் இருக்கணும். பெரும்பாலான புத்தகத்துல அந்த ரெண்டு பேரும் பிளஸ் டூ முடிச்சு கோயம்புத்தூருக்கு வேலைக்கே போயிருப்பாங்க, கையெழுத்து மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். ஜூன் மாசம் பள்ளி திறந்ததும் மாத்துங்க.

புத்தகத்துல ‘குழந்தைகள் பாதுகாப்பு பற்றி விவாதிக்கப்பட்டது, அனைவரும் ஏற்றுக்கொண்டனர்’னு எழுதுறது வெறும் மை செலவு. இப்படி எழுதணும்:

*பிள்ளை 3/2. பெண், 8-ஆம் வகுப்பு. 27 பள்ளி நாள் வரவில்லை. பெற்றோர் எஸ்டேட் வேலைக்கு வெளியூர், பாட்டியுடன் உள்ளார். வீட்டைப் பார்க்க வேண்டியவர்: அங்கன்வாடிப் பணியாளர், 5 நாளுக்குள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வாசிக்க வேண்டும்.*

பேர் எழுதக் கூடாது. எண்ணுக்கு எதிரா பேர் இருக்கற தாள் தலைமையாசிரியர் பீரோவுல பூட்டி இருக்கட்டும். பிரிவு 74-ல பிள்ளையோட அடையாளத்தை வெளியிட்டா 6 மாசம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். கிராம சபைல சத்தமா வாசிக்கறதும் வெளியிடறதுதான்.

கூட்டம் மூணு மாசத்துக்கு ஒண்ணு. மலையில டிசம்பர் கூட்டத்தைத் தள்ளிப்போடாதீங்க. காப்பிப் பழம் பறிக்கற நேரம் அது. வருகைப் பதிவேட்டுல ஓட்டை விழறது அப்பத்தான்.

கிராம சபைக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆறு நாள் இருக்கு. தீர்மானத்துல ‘இல்லத்தை மூட வேண்டும்’னு போட்டா, உங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு ஒரே வரியில திரும்பி வரும். ‘பிரிவு 54 ஆய்வு கடைசியாக நடந்த தேதியையும், சுட்டிய குறைகள் மீது எடுத்த நடவடிக்கையையும் அடுத்த கிராம சபைக்குள் தெரிவிக்கக் கோருகிறது’ன்னு போடுங்க. நகல் கலெக்டருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும்.

அம்மாபேட்டை வார்டு

சேலம் மாநகராட்சிப் பக்கம் இருக்கறவங்களுக்கும் சேர்த்து: இங்க 60 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்காங்க, அதனால தலைவர் சிக்கல் இல்லை. சிக்கல் வேற. பிறந்தநாள் சாப்பாடு போடறேன்னு இல்லத்துக்குப் போய், பிள்ளைங்களோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறது. மேல சொன்ன அதே பிரிவு 74. மேற்பார்வை பண்ண வேண்டியவங்களே பண்றதுதான் கடுப்பு.

இன்னொண்ணு, செவ்வாய்ப்பேட்டை மாதிரி வெள்ளிப் பட்டறை இருக்கற வார்டுல ‘சொந்தக் குடும்பத் தொழில்தானே’ங்கற பதிலை அப்படியே ஏத்துக்காதீங்க. 2016 திருத்தத்துக்கு அப்புறம் 14 வயசுக்குள்ள பிள்ளை சொந்தக் குடும்பத்துக்குப் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலைல உதவலாம், அவ்வளவுதான். கொலுசுக்குப் பத்த வைக்கற (நெருப்புல உருக்கி ஒட்டற) இடம் அதுல சேராது.

செம்மநத்தம் பக்கம்

ரொம்பத் தெளிவா இருக்குங்க. ஒரு சந்தேகம்: சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு பிள்ளை தனியா நிக்குதுன்னு தகவல் வந்தா? சேலம் இறங்க 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. காலைல கூட்டிட்டுப் போகலாமா?

படிவம்46

ஊராட்சி அலுவலகத்திலோ உறுப்பினர் வீட்டிலோ இரவு தங்க வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பிறகு நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். உடனே 1098 (குழந்தைகள் உதவி எண்), அல்லது காவல் நிலையம். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் நலக்குழு முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். பயண நேரம் அதில் சேராது. அன்று குழு அமர்வு இல்லை என்றால் தனி ஓர் உறுப்பினர் முன்பும் நிறுத்தலாம், ‘திங்கட்கிழமை வாங்க’ என்று அனுப்ப முடியாது. ஒப்படைக்கும் அறிக்கை படிவம் 17, ஒரு நகல் கையோடு கேட்டு வாங்குங்கள். நகல் இல்லாவிட்டால் பிள்ளை எந்த இல்லத்துக்குப் போனது என்று பின்னால் தேட முடியாது. சமூக விசாரணை அறிக்கை 15 நாளில், இறுதி உத்தரவு 4 மாதத்தில். இந்த இரண்டு தேதிகளையும் மினிட் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். தாண்டினால், குழந்தைகள் நலக்குழு மீதான புகாரைக் கேட்க வேண்டியவர் கலெக்டர், பிரிவு 27. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கலாம்.

பாலியல் குற்றம் என்று தோன்றினால் குழு விசாரிக்கவே கூடாது. ‘என்னம்மா நடந்துச்சு’ என்று நாலு பேர் நாலு தடவை கேட்டால் வாக்குமூலம் கெட்டுவிடும். போக்சோ பிரிவு 19, நேராகக் காவல் நிலையம். ஊரில் பேசி முடித்துவிட்டோம் என்பது தெரிந்தும் புகார் தராத குற்றம்.

மினிட்புக்

ஒண்ணு விட்டுப்போச்சு. பாட்டி வீட்டுல இருக்கற பிள்ளையை உடனே இல்லத்துக்கு அனுப்பணும்னு இல்லை. மிஷன் வாத்சல்யாங்கற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல மாசம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறக் குடும்பத்துக்கு வருஷ வருமான வரம்பு 72,000, நகர்ப்புறத்துக்கு 96,000. மனு திரும்பி வர்றது பெரும்பாலும் வருமானச் சான்றுல 84,000 மாதிரி ஒரு தொகையைப் பழக்கத்துல போட்டுடறதால. மனு கொடுக்கறதுக்கு முன்னாடியே அந்தச் சான்றைப் பாருங்க.

ஆய்வு தேதியைக் கேட்டும் பதில் வரலைன்னா, தகவல் உரிமைச் சட்டத்துல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோட பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்க. போன 12 மாசத்துல ஆய்வு நடந்த தேதிகள், ஒவ்வொண்ணுலயும் மருத்துவ அலுவலர் இருந்தாரா, பதிவுச் சான்றோட காலாவதி தேதி, அனுமதிச்ச எண்ணிக்கை, இப்ப இருக்கற எண்ணிக்கை. பிள்ளைங்க விவரம் எதுவும் கேக்காதீங்க, அதைக் காட்டியே மொத்தத்தையும் மறுப்பாங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்ட்ல. போய்ச் சேர்ந்த நாள்லேர்ந்து 30 நாள் எண்ணுங்க.